பஸ்ஸில் வைக்கக் கூடாத கிடார்

டிரைவரம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தால் எதிரே வருகிற தண்ணீர் லாரியே ஒதுங்கி வழிவிடும். ஆள் என்னவோ குள்ளம்தான். டிரைவர் சீட்டில் ஒரு தலையணையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தால்தான் அவளுக்கு முழுச் சாலையும் தெரியும். ஆனாலும் அந்த நீளமான பள்ளிக்கூட பஸ்ஸை எந்தச் சந்துக்குள் விட்டாலும் ஒரு கீறல் இல்லாமல் திருப்பி எடுத்துவிடுவாள். பின்சீட்டில் பிள்ளைகள் சண்டை போட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள், வாயைத் திறக்க மாட்டாள். தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் ஒரு பார்வை, பஸ்ஸே கப்சிப். 'டிரைவரம்மா' என்ற பேர் அந்தப் பிள்ளைகள் வைத்ததுதான். அது பள்ளிக்கூடத்து வாட்ச்மேனுக்குத் தொற்றி, தெருவுக்குத் தொற்றி, கடைசியில் அவளுடைய வீட்டுக்காரரே "டிரைவரம்மா, காபி இருக்கா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால், மாலையில் ஏற்றும்வரை பஸ்ஸுக்கும் வேலை இல்லை, அவளுக்கும் வேலை இல்லை. பள்ளிக்கூடத்தின் பின்பக்க மைதானத்தில் பஸ்கள் வரிசையாக நிற்கும். மற்ற டிரைவர்கள் கதவைத் திறந்து வைத்து, காலை நீட்டி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவார்கள். தூக்கம் வராதவர்கள் சீட்டாடுவார்கள். டிரைவரம்மாவுக்குப் பகல் தூக்கம் பழக்கமில்லை. ஆரம்பத்தில் சீட்டாட்டத்தில் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். அவளே ஜெயித்துக்கொண்டிருந்ததால் ஒருநாள் நாசூக்காகக் கழற்றிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கிடார் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் இசை வகுப்பறையை ஒழித்துச் சுத்தம் செய்தபோது, உடைந்த நாற்காலிகள், கிழிந்த டிரம் இவற்றோடு ஒரு பழைய கிடாரையும் மைதானத்து மூலையில் குவித்திருந்தார்கள். பக்கவாட்டில் ஒரு விரிசல். கம்பிகள் துருப்பிடித்துப் போயிருந்தன. "குப்பைக்குத்தான் போகுது, வேணும்னா எடுத்துக்கங்க" என்றார் வாட்ச்மேன். ஏன் எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டாள், ஏங்கினாள் என்றெல்லாம் ஒன்றுமில்லை. கையும் சும்மா இருந்தது, கிடாரும் சும்மா கிடந்தது.

விரிசலுக்கு டேப் ஒட்டி, புதுக் கம்பி மாட்டி, போனில் வீடியோ பார்த்துப் பழக ஆரம்பித்தாள். பஸ்ஸின் கடைசி நீளச் சீட்டுதான் வகுப்பறை. வருஷக்கணக்காக ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை அவளுடையது. ஆனால் காய்ப்பெல்லாம் உள்ளங்கையில். விரல் நுனியில் இல்லை. கம்பி அறுக்க அறுக்க நுனியெல்லாம் கோடு கோடாகக் கன்றிப்போனது. வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தால் சுருக்கென்று எரியும். விடவில்லை. சில மாதங்களில், பல கம்பிகளைச் சேர்த்து அமுக்கி ஒரே தட்டில் வாசிக்கிற 'கார்டு' ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தடுமாறாமல் போகக் கற்றுக்கொண்டாள். பிறகு தானாகவே சின்னச் சின்ன மெட்டுகள் கோக்க ஆரம்பித்தாள். அவளுக்கு அதெல்லாம் பேர் தெரியாத விஷயம். விரல் போகிற வழியில் போனால் ஒரு மெட்டு வந்து நிற்கும். பிடித்திருந்தால் மறுநாளும் அதே வழியில் போவாள்.

ஒரே ஒருமுறை கிடாரை வீட்டுக்குக் கொண்டுபோனாள். வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். சாதுவான மனிதர், வாயைத் திறந்தால் சிரிப்பாக ஏதாவது சொல்லாமல் இருக்க மாட்டார். அவள் சமையலறைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்ததும் முன்னறையிலிருந்து, "டிரைவரம்மா, பஸ்ஸை வீட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டியா? பிரேக் சத்தம் கேக்குதே!" என்று குரல் கொடுத்தார். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். மறுநாள் கிடார் பஸ்ஸுக்குத் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவே இல்லை. அவரும் அதை அத்தோடு மறந்துபோனார். "அந்தக் கட்டை இன்னும் இருக்கா?" என்று எப்போதாவது கேட்பார். "இருக்கு" என்பாள். அவ்வளவுதான்.

இப்படியே இரண்டு கோடை போனது. பஸ்ஸுக்குள் வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சீட்டின் கம்பியைத் தொட்டால் கை பொசுங்கும். கிடாரில் கம்பிகளைப் பெட்டியோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிற ஒரு சிறிய மரக்கட்டை உண்டு. அதைப் பிரிட்ஜ் என்பார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகப் பசை விட்டுத் தூக்கிக்கொண்டு வந்தது. கம்பிகள் கழுத்துப் பலகையை விட்டு எழும்பி, துணி காயப்போடுகிற கொடி மாதிரி உயரத்தில் நின்றன. அழுத்தவே முடியவில்லை. சுட்டுவிரலால் எல்லாக் கம்பிகளையும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டிய எஃப் கார்டு மட்டும் அவளுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. தன் விரல்தான் குட்டை, தன் கைக்குத்தான் துப்பு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மதியம். மைதானம் முழுக்கக் குறட்டை. எஃப் கார்டை இன்றைக்கு விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கி, வலது கையால் ஒரு தட்டு தட்டினாள். 'படார்!' பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு எகிறி முன்சீட்டின் முதுகில் போய் மோதியது. டயர் வெடித்துவிட்டது என்று நினைத்து ஆறேழு டிரைவர்கள் துண்டை உதறிக்கொண்டு இறங்கி ஓடிவந்தார்கள். அவரவர் பஸ்ஸின் டயரைக் குனிந்து பார்த்துவிட்டு, பிறகு இவளுடைய பஸ்ஸில் ஏறினார்கள்.

கம்பிகளெல்லாம் சுருண்டு மடியில் கிடக்க, டிரைவரம்மா கடைசிச் சீட்டில் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"போச்சா?" என்றார் அவர்களில் மூத்தவர். எல்லோரும் அவரைக் 'குறட்டை அண்ணன்' என்பார்கள். அவர் தூங்கினால் பக்கத்து பஸ் கண்ணாடி அதிரும்.

"போச்சுண்ணே."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு என்ன?"

குறட்டை அண்ணன் தலையைச் சொறிந்தார். "இல்லம்மா... நீ அந்த இழுத்து இழுத்து ஒண்ணு வாசிப்பியே, அது கேட்டாத்தான் எனக்குக் கண்ணு சொக்கும். நேத்து நீ லேட்டா ஆரம்பிச்சியா, நான் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுக் கிடந்தேன்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருவர் அந்த மெட்டைத் தப்புத் தப்பாக முனகியே காட்டினார். டிரைவரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை நாளாகத் துண்டுக்கு அடியில் எல்லாக் காதும் விழித்துக்கொண்டுதான் இருந்ததா?

பஸ்களைப் பழுதுபார்க்க வந்திருந்த மெக்கானிக் கிடாரை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நெடுக்காகப் பார்த்தார். "இது வில்லா வளைஞ்சு போயிருக்கு. இதுலயா வாசிச்சீங்க? ஆக்ஸில் வளைஞ்ச வண்டியை ஓட்டுற மாதிரில்ல இருந்திருக்கும்! உங்க கைக்கு ஒண்ணும் குறை இல்லக்கா. வண்டியை மாத்துங்க."

அந்த வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகும்போதே முடிவு செய்துவிட்டாள்: நல்லதாக ஒரு கிடார் வாங்குவது.

கடைக்குத் தனியாகப் போக அவளுக்குக் கூச்சம். நாத்தனாரைத் துணைக்குக் கூப்பிட்டாள். நாத்தனார் மாடியில் குடியிருந்தாள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. காலையில் ஊசியால் எடுத்துவிட்டு, சாயங்காலம் வாயால் எடுக்கிறாள் என்று அவளுடைய அண்ணன் சொல்லுவார். சங்கீதம் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கடைக்காரர்களைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது.

"கிடாரா? நீங்களா?" என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, "வாங்க அண்ணி, ஒரு கை பாத்துருவோம்" என்றாள்.

முதலில் போனது பெரிய கடை. கண்ணாடிக் கதவு, குளுகுளு ஏசி, சுவர் முழுக்கக் கிடார். தலைமுடியைப் பின்னால் வால் மாதிரி கட்டியிருந்த ஒரு விற்பனையாளர் சிரித்துக்கொண்டே வந்தார். டிரைவரம்மா எதைப் பார்த்தாலும் அதைச் சுவரிலிருந்து எடுத்து, அவளிடம் கொடுக்காமல், தானே உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். விரல்கள் எலி ஓடுகிற மாதிரி ஓடின. ஒவ்வொன்றும் பிரமாதமாகத்தான் இருந்தது. ஐந்தாவது கிடாரிலும் அவர் அதே மாதிரி ஓட்டியபோது நாத்தனார் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சார், நீங்க விளக்குமாத்தைக் குடுத்தாலும் நல்லா வாசிப்பீங்க போலிருக்கு. வாங்கப் போறது இவங்க. இவங்க கைல குடுங்க."

அவர் டிரைவரம்மாவை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் இளஞ்சிவப்பில் பூப்போட்ட ஒரு குட்டிக் கிடாரை எடுத்து வந்தார். "லேடீஸுக்கு இதுதான் மேடம் சரியா இருக்கும். கைக்கு அடக்கமா, வெயிட்டே இருக்காது."

"நான் ஓட்டுறது அம்பது சீட் பஸ்ஸுங்க" என்றாள் டிரைவரம்மா மெதுவாக.

"அதுக்கும் பூப்போட்டுக் குடுக்கச் சொல்லலாம் அண்ணி" என்றாள் நாத்தனார்.

ஆனாலும் டிரைவரம்மா பெரிய கிடார் ஒன்றைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துப் பார்த்தாள். பெட்டி அவளுடைய மார்புக்கு மேலே ஏறியது. வலது தோள் காதைத் தொட்டது. கடையில் நின்ற நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். விரல் மரத்துப் போனது. கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற மெட்டு ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. 'டொய்ங்' என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "அப்புறம் வர்றோம்" என்று சொல்லி எழுந்துவிட்டாள். வெளியே வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேடான பாதையில் ரிவர்ஸ் எடுக்கிறபோதுகூட அவளுக்கு இப்படி வேர்த்ததில்லை.

அந்த வாரம் வீட்டில் இதே பேச்சு. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் போனில், "அம்மா, ஆன்லைன்ல போடும்மா, வீட்டு வாசலுக்கே வந்துரும்" என்றான். வீட்டுக்காரரும் அதையே சொன்னார். அவள் போனில் தேடத் தேடத் தலை சுற்றியது. ஒருவர் கெட்டி மரம்தான் உசத்தி என்றார், இன்னொருவர் ஒட்டுப்பலகைதான் நீடிக்கும் என்றார், மூன்றாமவர் இரண்டையும் திட்டினார். "செருப்பையே போட்டுப் பாக்காம வாங்க மாட்டேன். இதை எப்படிப் படத்தைப் பாத்து வாங்குறது?" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை நாத்தனாரே ஒரு தகவலோடு வந்தாள். ரத்தம் கொடுக்க வந்த ஒருவருக்கு விரல் நுனியெல்லாம் காய்த்திருந்ததாம். "நீங்களும் கிடாரா?" என்று கேட்டு, ஊசி குத்துகிற சாக்கில் விஷயத்தைக் கறந்துவிட்டாள். மெத்தைக் கடை மாடியில் ஓர் இடம். இசைக்கருவி பழுதுபார்த்துக்கொண்டே விற்பனையும் செய்கிற பெண்மணி ஒருத்தி.

படி ஏறிப் போனால் நீளமான ஓர் அறை. மரத்தூள் வாசனையும் பசை வாசனையும். நடுவில் ஒரு மேஜை. அதன்மேல் கம்பி கழற்றிய கிடார் ஒன்று ஆபரேஷனுக்குப் படுத்த மாதிரி கிடந்தது. கடைக்காரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். எந்த மாதிரி வேண்டும் என்று கேட்கவில்லை.

"எங்க உக்காந்து வாசிப்பீங்க?" என்று கேட்டாள்.

"பஸ்ஸுல."

கடைக்காரம்மா ஒருகணம் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு முழுக் கதையையும் கேட்டாள். பிரிட்ஜ் எகிறிய கதையில் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். டிரைவரம்மாவின் இடதுகையை வாங்கி விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். "குட்டை விரல்தான். அதுக்கென்ன? உடம்பு சின்னதா, இடுப்பு ஒடுங்கி, ஆனா குரல் கம்மாத கிடார் இருக்கு. உக்காருங்க."

இரண்டு கிடார்களைக் கொண்டுவந்து வைத்தாள். "வாசிங்க. நான் என் வேலையைப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அந்த முதுகைப் பார்த்ததும் டிரைவரம்மாவுக்குப் பாதிக் கூச்சம் போய்விட்டது.

முதல் கிடாரை மடியில் வைத்தாள். புது வண்டியில் ஏறினால் சீட்டை இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, கிளட்சை மிதித்துப் பார்க்கிறவள் அவள். அதே மாதிரி உட்கார்ந்த இடத்தைச் சரிசெய்தாள், கழுத்தைப் பிடித்துப் பார்த்தாள், ஒவ்வொரு கம்பியாகத் தொட்டாள். கம்பிகள் தாழ்வாக, தொட்டால் அடங்குகிற மாதிரி இருந்தன. அந்த இழுவை மெட்டை வாசித்தாள். நன்றாக இருந்தது. இரண்டாவதை எடுத்து அதே மெட்டைத் தொடங்கினாள். முதல் கம்பியைத் தட்டியதுமே கை நின்றுவிட்டது. சத்தம் பெட்டியிலிருந்து மட்டும் வரவில்லை. மடியில், விலா எலும்பில், தாடையில் எல்லாம் உணர முடிந்தது. தட்டிவிட்டுக் கையை எடுத்த பிறகும் அது தானாகப் பேசிக்கொண்டிருந்தது.

"மறுபடி ரெண்டையும் வாசிங்க அண்ணி. எது எதுன்னு சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு நாத்தனார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டாள். டிரைவரம்மா மாற்றி மாற்றி வாசித்தாள். "இதான்" என்றாள் நாத்தனார், ஒவ்வொரு முறையும் இரண்டாவது கிடாருக்கு. "எனக்கு ஒரு எழவும் புரியல. ஆனா இது வாசிக்கிறப்போ யாரோ பக்கத்துல வந்து உக்கார்ற மாதிரி இருக்கு."

டிரைவரம்மா சும்மா ஒரு சோதனைக்காக எஃப் கார்டைப் பிடித்தாள். சுட்டுவிரலைப் படுக்கவைத்து அமுக்கினாள். தட்டினாள். ஒரு கம்பிகூட முனகவில்லை. முழுசாக, உருண்டையாக வந்தது. நம்பாமல் மறுபடி தட்டினாள். மறுபடியும் வந்தது. சின்னப் பிள்ளை காலிங் பெல்லை அமுக்குகிற மாதிரி தட்டிக்கொண்டே இருந்தாள்.

"இதையே குடுங்க" என்றாள்.

கடைக்காரம்மா வேலையை வைத்துவிட்டு வந்தாள். "தர்றேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அதோ அது ஒட்டுப்பலகை. அடிச்சாலும் தாங்கும், வெயில்ல போட்டாலும் தாங்கும். இது மேல்பலகை ஒரே கெட்டி மரம். அதனாலதான் இந்தக் குரல். ஆனா அதனாலேயே வெயில் ஆகாது. ஒரு கோடை பஸ்ஸுல வச்சீங்கன்னா பொளந்துரும். உங்க பணத்தை வாங்கிக்கிட்டு நான் நல்லா தூங்கணும்ல?"

டிரைவரம்மாவின் முகம் வாடிவிட்டது. கிடாரை மடியிலிருந்து இறக்காமலே யோசித்தாள். பிறகு பெருமூச்சு விட்டு, "அப்ப ஒட்டுப்பலகையே இருக்கட்டும்" என்றாள்.

"ஏன்?" என்றாள் நாத்தனார். "இதை வாங்கி வீட்டுல வச்சு வாசிங்க."

"வீட்டுலயா? வேணாம்."

"ஏன் வேணாம்?"

முதலில் மழுப்பினாள். நாத்தனார் விடுகிற ஆளா? நரம்பு கிடைக்கும்வரை குத்திப் பார்க்கிறவள் அவள். கடைசியில் பிரேக் சத்தக் கதை வெளியே வந்தது. சொல்லும்போது டிரைவரம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் நாத்தனார் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து, அண்ணனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணா! அண்ணி வாசிச்சதைக் கேட்டு பிரேக் சத்தம்னு சொன்னியா நீ?"

மறுபக்கம் லென்ஸ் தேய்க்கிற மெஷின் கிர்ரென்று ஓடியது. "நானா? எப்ப?"

"எப்பவோ! அதுலேர்ந்து அவங்க வீட்டுல வாசிக்கவே இல்ல, தெரியுமா உனக்கு?"

மெஷின் நின்றது. "ஐயோ, நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். எனக்கு ஞாபகமே இல்லையே... டிரைவரம்மா, லைன்ல இருக்கியா? அதுக்காகவா வீட்டுக்கு எடுத்துட்டு வரல? நான் உனக்குப் பஸ்லதான் வசதின்னு நினைச்சுட்டேன்."

டிரைவரம்மா போன் பக்கம் குனிந்து, "விடுங்க, அது ஒண்ணுமில்ல" என்றாள்.

"இப்ப கைல கிடார் இருக்கா? வாசி. நான் கேக்குறேன்."

"போன்லயா?"

"வாசிங்க அண்ணி" என்று நாத்தனார் போனைக் கிடாருக்கு முன்னால் நீட்டினாள்.

டிரைவரம்மா வாசித்தாள். நடுவில் ஒரு இடத்தில் விரல் வழுக்கியது, நிறுத்தாமல் போனாள். எஃப் கார்டு வருகிற மாதிரி மெட்டையே கொஞ்சம் வளைத்து, அதையும் உள்ளே நுழைத்தாள். வாசித்து முடித்ததும், லைன் அறுந்துவிட்டதோ என்று நாத்தனார் திருப்பிப் பார்த்தாள். அப்போது யாரோ ஒரு அம்மாளின் குரல், "யாருங்க அது வாசிக்கிறது?" என்று கேட்டது. வீட்டுக்காரர் தன் போனையும் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். கண்ணாடி வாங்க வந்து பெஞ்சில் காத்திருந்தவர்களெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என் வீட்டுக்காரி" என்றார் அவர். பிறகு போனுக்குள், "அதையே வாங்கு. வேற எதையும் பாக்காதே. சீக்கிரம் வா" என்றார்.

அதன்பிறகு நாத்தனார் தன் வேலையை ஆரம்பித்தாள். பேரம் பேசிப் பேசி, கிடாருக்கு உறை, தோள்பட்டை வார், கூடுதலாக ஒரு செட் கம்பி எல்லாவற்றையும் கறந்தாள். "இதுக்குமேல கேட்டீங்கன்னா இந்த மேஜையைத்தான் தூக்கிக் குடுக்கணும்" என்று கடைக்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டபிறகுதான் ஓய்ந்தாள்.

டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள். கிடாரை மடியில் வைத்து, கைக்குழந்தைக்குத் தலை பிடிக்கிற மாதிரி கழுத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் டிரைவரம்மா. வேகத்தடை வரும்போதெல்லாம் உடம்பு தானாக விறைத்தது. ஒரு இடத்தில் பஸ் குலுங்கியபோது பொறுக்க மாட்டாமல், "கொஞ்சம் ரெண்டாவது கியர்ல எடுங்கண்ணே, பச்சைப் பிள்ளை இருக்கு" என்று குரல் கொடுத்தாள். டிரைவர் கண்ணாடியில் குழந்தையைத் தேடிப் பார்த்துவிட்டு, கிடாரைக் கண்டு, ஒன்றும் சொல்லாமல் வேகத்தைக் குறைத்தார்.

வீட்டில் வீட்டுக்காரர் முகம் கழுவி, சட்டை மாற்றி, தலை சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னறையில் வெயில் படாத சுவரோரம் பார்த்து அலமாரியை நகர்த்தி இடம் பண்ணியிருந்தார். கடையில் மூக்குக்கண்ணாடி மாட்டி வைக்கிற பழைய ஸ்டாண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, கிடார் நிற்கிற மாதிரி பஞ்சு சுற்றி வைத்திருந்தார். அவள் உட்கார்ந்து வாசித்தாள். மேலே மின்விசிறி சுற்றியது. அதை எழுந்து நிறுத்திவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

"இதையெல்லாம் நீ எப்ப கத்துக்கிட்ட?" என்று கேட்டார்.

"நீங்க கண்ணாடி தேய்ச்சுக்கிட்டு இருந்தப்ப."

"இன்னொரு தடவை அதையே வாசி."

அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. சாயங்காலம் அவள் வாசிப்பாள். அவர் வெங்காயம் உரிப்பார், துணி மடிப்பார், சில நாள் ஒன்றும் செய்யாமல் கேட்டுக்கொண்டிருப்பார். விரல் தப்பினால் இப்போது அவருக்கும் தெரியும். மேலே பார்த்துக்கொள்வார், வாயைத் திறக்க மாட்டார். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வரும்.

மைதானத்தில்தான் பிரச்சினை. கை வீசிக்கொண்டு வருகிற டிரைவரம்மாவைப் பார்த்து டிரைவர்களுக்கு ஏமாற்றம். புதுக் கிடாரை ஏன் கொண்டு வரவில்லை என்று நச்சரித்தார்கள். "அதுக்கு வெயில் ஆகாதுண்ணே" என்றாள். "எங்களுக்கு மட்டும் ஆகுதாக்கும்?" என்றார் ஒருவர். தூக்கம் கெட்டுக் கண் சிவந்த குறட்டை அண்ணன்தான் தீர்ப்புச் சொன்னார்: "அது இங்க வரக் கூடாதுன்னா, நாம அங்க போவோம்."

சொன்ன மாதிரியே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிட்டார்கள். மனைவி, பிள்ளை குட்டிகளோடு, கையில் பழமும் பிஸ்கட்டுமாக. தெருவில் பாதி அடைபட்டுப் போனது. நாற்காலி போதாமல் நாத்தனார் மாடியிலிருந்து பாயும் முக்காலியும் இறக்கிக் கொடுத்தாள். முன்னறையில் நிற்க இடமில்லை. ஜன்னலில் இரண்டு பேர் சாய்ந்து நின்றார்கள். டிரைவரம்மா இத்தனை பேர் முகத்தைப் பார்த்து வாசித்ததே இல்லை. பெரிய கடையில் வேர்த்த மாதிரி வேர்க்கப் போகிறது என்று நினைத்தாள். ஆனால் எல்லாம் தெரிந்த முகம். கிடாரை எடுத்து மடியில் வைத்ததும் தோள் தானாக இறங்கியது.

புது மெட்டு ஒன்று வாசித்தாள். அந்த வாரம்தான் கோத்தது, கொஞ்சம் துள்ளலாக. பிள்ளைகள் தாளம் போட்டார்கள். நாத்தனார் வாசல்படியில் நின்றபடி, தன்னை அறியாமல், வார்த்தை இல்லாமல் கூடவே முனகினாள். குரல் சுத்தமாக இருந்தது. வீட்டுக்காரர் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்க்க, "என்ன முறைக்கிறே?" என்று கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடினாள்.

அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ கத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரம்மா மதில்மேல் எட்டிப் பார்த்து, "மோட்டாரை நிறுத்துங்க! டேங்க் நிரம்பிக் கொட்டுது, என் துணியெல்லாம் நனையுது!" என்று கூப்பாடு போட்டாள். மோட்டாரைப் போட்டது வீட்டுக்காரர். போட்டது அவருக்கு மறந்தே போயிருந்தது. அவர் எழுந்து, காலை மடக்கி உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டி ஓடினார். "மன்னிச்சிருங்கம்மா, இதோ நிறுத்திட்டேன்! நீங்களும் உள்ள வாங்க, இன்னும் முடியல!" என்று அவருடைய குரல் வெளியே கேட்டது.

பக்கத்து வீட்டுக்காரம்மா ஈரத் துணியைக் கையில் பிடித்தபடியே வந்து வாசலில் நின்றாள். டிரைவரம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள், கை நிற்கவில்லை. யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.